செய்தவன் ஓட்டக் கூடாது

போன மாதம், ஜீப் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம் போட்டு, கௌஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவன் ஏன் வரிக்கு வரி கௌஸைக் குத்துகிறான் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

அந்தப் போட்டோவை எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கை கூப்பும் படங்கள். நானும் ஒன்று போட்டேன். போடும்போது விரல் கூசியது. மறுநாள் தேவராஜ் போன் செய்தான். இப்போது அங்கே சஸ்பென்ஷன், அதாவது ஸ்ப்ரிங், ஷாக் வேலையைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

"அண்ணே, இப்ப அவனவன் ஆன்லைன்ல ஸ்பேசர் வாங்கி, வீடியோ பார்த்து, ஊட்டு வாசல்லயே ஜீப்பைத் தூக்கிக்கினு கீறான். அப்புறம் ஆடுது ஆடுதுன்னு நம்மகிட்ட வரான். நீ எப்டி செஞ்சன்னு கொஞ்சம் எழுதிக் குடுண்ணே. பசங்க படிக்கட்டும்."

"ஏன், கௌஸைக் கேக்கறது?"

"கேட்டோம்ணே. உன்னைக் கேக்கச் சொல்லிட்டாரு."

பார்த்தீர்களா? பொன்னாடை அவனுக்கு, வீட்டுப்பாடம் எனக்கு. சரி, எழுதுகிறேன்.

என் பெயர் கருணாகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து, லாரிகளுக்கு அடியில் படுத்து, முகமெல்லாம் மண்ணும் கிரீஸுமாகச் சில வருடங்கள் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் போகும். சுருள் ஸ்ப்ரிங் வைத்த சின்ன ஜீப்புகள் எங்களிடம் வரத் தொடங்கிய பிறகுதான் என் கைக்கு ஒரு பெயர் வந்தது. கௌஸ் நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவன். பூந்தமல்லிக்காரன். நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் அவன் பெயர் போய் நிற்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எங்கள் ஃபோர்மேன் நாயகம். மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் எப்போதும் மடித்த பழந்துணி ஒன்று இருக்கும். ஒரு நட்டைத் தொடுவதற்கு முன்னும் துடைப்பார், தொட்ட பின்னும் துடைப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "டேய் கருணா, இங்க வாடா" என்றால் எல்லாம் நலம். "கருணாகரன் சார், கொஞ்சம் வர்றீங்களா" என்றால் அன்றைக்குத் தொலைந்தோம். அவர் வாயில் மரியாதை கூடக்கூட நமக்கு ஆபத்து. பிரேக் ஹோஸைச் சரியாக மாட்டாத ஒருவனை ஒருமுறை "ஐயா" என்று கூப்பிட்டார். அவன் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

இனி வேலை. சின்ன ஜீப்பை உயர்த்துவது பார்க்கச் சுலபமாக இருக்கும். அதனால்தான் ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். பாடிக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சுருள் ஸ்ப்ரிங் நிற்கிறது. அதன் தலைக்கு மேல் ஒரு தடித்த வளையத்தை வைத்தால் பாடி அந்த அளவுக்கு மேலே போகும். அந்த வளையம்தான் ஸ்பேசர். இவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறவன் ஜாக்கியைத் தொடாமல் இருப்பது நல்லது.

வண்டியின் சட்டத்துக்கு ஸ்டாண்ட் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி நிற்க வேண்டும். அதை மறந்துவிட்டு ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் ஆக்சில் பொத்தென்று விழும், பிரேக் ஹோஸும் அதோடு போகும். ஷாக்கின் கீழ்ப் போல்ட், ஆக்சிலைப் பக்கவாட்டில் போகாமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி, ஹோஸ் கிளிப், எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்ப்ரிங் தானாகக் கைக்கு வரும். நெம்ப வேண்டியதே இல்லை. ஒருவன் கடப்பாரையை எடுக்கிறான் என்றால் எதையோ கழற்ற மறந்திருக்கிறான் என்று அர்த்தம். பிறகு ஸ்பேசர், அதோடு ரப்பர், அதற்கப்புறம் ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கின் முனை அதற்கென்று உள்ள பள்ளத்தில் முட்டும்வரை திருப்ப வேண்டும். முட்டியதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணை நம்பக் கூடாது.

அடுத்ததில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் ஆர்ம்களின் முனையில், போல்ட் நுழையும் இடத்தில், புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்தப் போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். அதனால் மேலே இருக்கும்போது விரலால் திருகி விடுவதோடு சரி. வண்டியை இறக்கி, அடியில் ஆள் நின்று வேலை செய்யும் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஆட்களை ஏற்றி, குலுக்கிவிட்டு, அந்தப் பாரத்தில்தான் முறுக்க வேண்டும். ஆளில்லாவிட்டால் டீ கொண்டுவருகிறவரைக்கூட நாயகம் ஏற்றி உட்கார வைப்பார். டீ ஆறிப்போகும். அந்த மனுஷன் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அவரும் எங்களைப் போலவே வண்டிக்குள் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் தேவராஜுக்காக. இனி வருவது எனக்காக.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாயகம் வைத்த சட்டம் ஒன்று உண்டு. வேலை செய்தவன் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. வேறொருவன் ஓட்ட வேண்டும். செய்தவன் பக்கத்து சீட்டில், கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தன் கைவேலையில் இருக்கும் குறை தனக்குத் தெரியாது என்பது அவர் கணக்கு. ஓட்டியவன் 'சரி' என்றால் வண்டி வெளியே போகும். 'ஏத்து' என்றால் மறுபடி ஸ்டாண்டுக்குப் போகும். முதலாளியே வந்தாலும் அந்தச் சொல்லை மாற்ற முடியாது.

சஸ்பென்ஷனில் நாங்கள் இரண்டே பேர். ஆகவே நான் செய்ததை கௌஸ் ஓட்டுவான், கௌஸ் செய்ததை நான் ஓட்டுவேன். வருடக்கணக்காக இப்படி. இரண்டு பேருக்கு நடுவில் பொறாமை வளர வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

கைவேலையில் என்னை அடிக்க அவனால் முடியாது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவன் இறுக்கிய இடத்தில் நான் இன்னும் அரைச்சுற்று கண்டுபிடிப்பேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து சீட்டில் உட்கார்ந்தான் என்றால், வண்டி அவனோடு பேசும். எஸ்டேட் கேட்டைத் தாண்டுவதற்குள், "பின்னால வலது பக்கம் ஷாக் ரப்பர் ஒண்ணு ஏறி உக்காந்துகினு கீது மாமே" என்பான். இறக்கிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். எப்படிடா என்று கேட்டால், "தெர்ல, சீட்டு சொல்லுது" என்பான்.

எனக்கு எந்தச் சீட்டும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல வைக்கலாம் என்று முயற்சி செய்தேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எந்தச் சக்கரம் எந்தப் பள்ளத்தில் விழுகிறது என்று கவனிப்பேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவேன். ஒருநாள் கண்டக்டர் தட்டி எழுப்பி, "பெர்சு, பட்டாபிராம் வந்துருச்சு, எறங்கு" என்றார். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

ஒரே ஒருமுறை அவன் செய்த வண்டியில் நான் குறை கண்டுபிடித்தேன். முன்பக்கம் ஒரு வாஷர் மாறியிருந்தது, டொக் டொக்கென்று சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்த ஒர்க்‌ஷாப்புக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். கௌஸும் வந்தான். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "சூப்பரா கண்டுபுட்ச்ச மாமே. நான் கோட்டை வுட்டுட்டேன்" என்று முதுகில் தட்டினான். கொஞ்சமாவது முகம் வாட வேண்டாமா? பஜ்ஜிக்குக் கொடுத்த காசு தண்டம்.

அப்படியிருக்கும்போதுதான் நாயகம் ஓய்வு பெறப் போகிறார் என்ற பேச்சு வந்தது. அடுத்த ஃபோர்மேனை அவரே சொல்லட்டும் என்று முதலாளி விட்டுவிட்டார். நானா, கௌஸா? வெளியே யாரும் பேசவில்லை, உள்ளுக்குள் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சம்பளத்துக்காக இல்லை. இரண்டு பேரில் இவன்தான் என்று நாயகம் வாயால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதை நினைத்து நினைத்துத் தூக்கமே கெட்டுப்போயிற்று. வீட்டில் என் மனைவி, "இன்னா எப்பப் பாத்தாலும் கௌஸ் கௌஸ்னுகினு கீற? பேசாம அவரையே கட்டிகினு இருந்திருக்கலாம்" என்றாள்.

ஐப்பசி பிறந்த சமயம். ராஜேஸ்வரி டீச்சர் என்று ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டாபிராமுக்கு உள்ளே, ஏரிக்குக் கீழ்ப்பக்கம் புதிதாக மனை போட்ட இடத்தில் வீடு. பழைய சின்ன ஜீப் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என் வீட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். போன மழையில தெருவுல முழங்காலளவு தண்ணி. ஒரு ஆட்டோகூட உள்ள வரல. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. அவர் வழி பூரா அழுதுட்டே வந்தார், வலியால இல்ல, வெக்கத்தால. இந்த வருஷம் யாரையும் நான் கூப்பிடப் போறதில்ல. இதை எவ்வளவு தூக்க முடியுமோ தூக்கிக் கொடுங்க" என்றார்.

நாயகம் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பழந்துணியால் கையைத் துடைத்தபடி என்னையும் கௌஸையும் மாறி மாறிப் பார்த்தார். இதுதான் பரீட்சை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

நாங்கள் வழக்கமாக ஓர் இஞ்சுக்குச் சற்று மேலே உயர்த்துவோம். அதற்கு ஸ்பேசர் மட்டும் போதும். டீச்சர் கேட்டதற்கு இரண்டு இஞ்சாவது தூக்க வேண்டும். அவ்வளவு தூக்கினால் ஆர்ம்கள் சரிந்து, முன் ஆக்சில் கொஞ்சம் உருண்டுவிடும். சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் அது நேராகப் போகிறது? அந்தச் சாய்வு ஜீப்பிலும் உண்டு. ஆக்சில் உருண்டால் அது குறைந்துவிடும். அதைச் சரிக்கட்ட, ஓட்டை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் தனி புஷ் ஒன்று ஆர்மில் போட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரியும். புஷ் கைவசம் இல்லை, செய்து வாங்க நாள் ஆகும். வானமோ கறுத்துக்கொண்டிருந்தது. தெருத்தண்ணீரில் ஊர்ந்து போகப் போகிற வண்டிக்கு இது போதும் என்று நினைத்தேன்.

மற்றதையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி செய்தேன். பின் ஷாக் நீளம் போதாது என்று மாற்றினேன். ஹோஸ் இழுபடாமல் கிளிப்பை நகர்த்தினேன். குறுக்குக் கம்பியை நேர்செய்தேன். ஆட்களை ஏற்றி, பள்ளத்தில் இறங்கி, நானே எல்லாப் போல்ட்டையும் முறுக்கினேன். நாயகம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு என்று அர்த்தம். டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். கௌஸ் சாவியை வாங்கினான். நான் பக்கத்தில் ஏறிக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எஸ்டேட்டுக்குள் ஓட்டினான். ஒன்றுமில்லை. வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினான். ஒரு முனகல் இல்லை. எனக்கு மனசுக்குள் மத்தாப்பு. நேராகத் திரும்புவான் என்று பார்த்தால் பைபாஸில் ஏற்றினான். வேகம் கூடியது. வளைவில் திருப்பிவிட்டு ஸ்டியரிங்கை லேசாக விட்டான். அது நேருக்கு வரவில்லை, வளைந்த இடத்திலேயே நின்றது. அவன்தான் கையால் இழுத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஒரு லாரி கடந்து போனபோது ஜீப் தடம் விட்டு அலைந்தது. மறுபடி செய்து பார்த்தான். மறுபடியும் அப்படியே.

"ஏத்தணும் மாமே" என்றான்.

வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் பறந்துவிட்டது. "டேய், அந்தம்மா தண்ணியில போறதுக்குக் கேட்டாங்க. ரேஸ் ஓட்டறதுக்கா?"

"தண்ணி தெருவுலதான் நிக்கும். ஆஸ்பத்திரி ரோட்டுல நிக்காது. அந்த மனுசன் உள்ள முடியாம கெடந்தா இவங்க மெதுவாவா போவாங்க?"

"இத பார் பாய். எதுக்கு நீ இப்டி சொல்றன்னு எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நாற்காலி."

கௌஸ் வண்டியைத் திருப்பினான். வழி முழுக்க இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்கிக்கொண்டே வந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொறாமை பிடித்தவன் நான் என்று ஊரே சொல்கிறது, இவனும் ஒன்றும் சளைத்தவன் இல்லை என்று நினைத்தபோது உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். நாயகம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கருணாகரன் சார், கௌஸ் சார். ரெண்டு பேரும் இப்படி வாங்க."

எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். கம்ப்ரஸரைக்கூட யாரோ நிறுத்தினார்கள்.

"கௌஸ் சார், நாற்காலிக்காகச் சொல்றீங்களா?"

"ஆமான்னே வெச்சுக்க மேஸ்திரி" என்றான் கௌஸ். "ஆனா இந்த வண்டி வெளிய போவாது."

நாயகம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சரிடம் போய், "அம்மா, ஓட்டினவர் வேணாம்னுட்டார். நாளைக்குத் தர்றோம்" என்றார். அந்த அம்மா வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கழிச்சு அவரைக் கூட்டிட்டுப் போகணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அந்தப் பார்வைக்கு கௌஸை நான் மனசுக்குள் எத்தனை முறை திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

புஷ்ஷுக்கு எங்கே போவது? மறுநாள் காலையில் கௌஸ் அளவை எடுத்துக்கொண்டு, பாடி பக்கம் தனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் பைக்கில் போனான். அங்கேயே உட்கார்ந்து, கடைந்து முடிக்கும்வரை இருந்து, மதியத்துக்குள் வாங்கிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது. நான் பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் புஷ்ஷை ஆர்மில் ஏற்றினேன். அதற்குத் திசை உண்டு. ஓட்டை எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டுமோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். மாறினால் இருந்ததைவிட மோசம். கோடு போட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றினேன். அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு ஸ்பானராக நீட்டிக்கொண்டிருந்தான். எதிரி உதவி செய்வதைப் போலக் கடுப்பான விஷயம் உலகத்தில் வேறில்லை.

மறுபடி ஆட்களை ஏற்றி முறுக்கினோம். மறுபடி பைபாஸ். வளைவில் கையை விட்டான். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேருக்கு வந்து நின்றது. மழையில் லாரிகள் கடந்தன. ஜீப் தன் தடத்தில் போனது.

"சரி" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வாங்குவதற்கு இரண்டு நாள் என் உயிர் போய் வந்தது.

டீச்சர் அன்று சாயங்காலமே மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வருடம் பட்டாபிராமில் நல்ல மழை. தை மாதம் சர்வீஸுக்கு வந்தபோது கணவரையும் அழைத்து வந்திருந்தார். அவர் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே, "ஒருநாள்கூட யாரும் என்னைத் தூக்கலைங்க" என்றார். நன்றி சொல்ல என் கையைப் பிடித்தார். டீச்சர் அவர் காதில் ஏதோ சொன்னதும் என் கையை விட்டுவிட்டு, "கௌஸ்ங்கிறது யாரு?" என்று கேட்டார்.

அதற்குள் நான் ஃபோர்மேன். ஆமாம், நாயகம் என்னைத்தான் சொன்னார். மார்கழியில் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள்தான் என்றார். நான் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் கூப்பிட்டுச் சொன்னேன். கௌஸை நான் ஜெயித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் நாயகம் என்னை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

"டேய் கருணா, ஒண்ணு சொல்லணும். மொதல்ல நான் அவனைத்தான் கேட்டேன்."

அவர் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்னுட்டான். நான் மேஸ்திரியா ஆயிட்டா வண்டியை யார் ஓட்டுவா, கருணாவான்னு கேட்டான். கருணா என் மேல கீற கடுப்போட சேர்த்து ஓட்டுவான், அவனுக்கு வண்டி தெரியாது, என் மூஞ்சிதான் தெரியும்னான். வேலை அவன் கையில வர மாதிரி எனக்கு வராது, அவனையே போட்டுடுன்னான்."

"இதை எதுக்கு மேஸ்திரி எங்கிட்ட சொல்ற?"

"தெரியாம உக்காந்தா என்னிக்காவது அவன் 'ஏத்து'ன்னு சொல்றதை நீ தட்டுவ. அதுக்குத்தான்."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நேராக கௌஸிடம் போனேன். ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். காலைப் பிடித்து இழுத்தேன்.

"ஏண்டா, எனக்குப் பிச்சை போட்டியா?"

அவன் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தான். "நாற்காலியில உக்காந்து நான் இன்னா மாமே பண்றது? அது ஆடாது, குலுங்காது. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

பிடித்த காலை விட்டுவிட்டேன். நான் உயிரை விட்டு ஆசைப்பட்டதை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவன் வேண்டாம் என்று கீழே வைத்திருக்கிறான், நான் எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அதில்தான் உட்கார்ந்தேன். பொறுப்பாகவே உட்கார்ந்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. ஆனால் ஜீப்காரப் பிள்ளைகள் வந்தால் என் கையெழுத்தையா பார்த்தார்கள்? "கௌஸ் பாய் ஓட்டிட்டாரா?" என்றுதான் கேட்டார்கள். அவன் 'ஏத்து' என்றபோதெல்லாம் ஃபோர்மேன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நான்தான் பள்ளத்தில் இறங்கினேன். ஒருமுறைகூடத் தட்டவில்லை. ஒருமுறையாவது அவன் சொன்னது தப்பாக இருந்திருக்கக் கூடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சுமதி வந்திருந்தாள். ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கிறாள். அவளும் ஒரு சின்ன ஜீப் வாங்கி, போரூர் பக்கம் யாரிடமோ கொடுத்து இரண்டு இஞ்சு தூக்கியிருக்கிறாள். இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போகப் போகிறாளாம். பழைய பிளக்ஸ் பேனரை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்பேசர், ஆர்ம், புஷ்ஷின் திசை, ஹோஸ், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஓட்டிப் பாக்கறியாப்பா?" என்று சாவியை நீட்டினாள்.

வாங்கினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

"காட்டுப்பாக்கம் போ. கௌஸ் மாமா ஊட்டுல குடு. அவர் ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் கொழந்தைங்களை ஏத்தணும்."

"ஏம்ப்பா, இதை நீ செய்யலயே. நீ ஓட்டிப் பாக்கலாம்ல? நீதானே அங்க ஃபோர்மேன்?"

"சொன்னதைச் செய்டி" என்று கத்திவிட்டேன். குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மனைவி சோறு போட்டாள். போன் வரும்வரை எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கடைசியில் வந்தது.

"மாமா பைபாஸ் வரைக்கும் ஓட்டிட்டாருப்பா. சரியாம்."

கடைசியில் எனக்கும் அவன் 'சரி'தான் வேண்டியிருந்தது என்ற எரிச்சலோடேயே தட்டை இழுத்து வைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.